வில்லனுக்கு எந்த விகுதி?

'வில்லன்' என்னும் சொல்லை இன்று எவரும் பிறமொழிச் சொல்லாக உணர்வதில்லை. வேலன், மாடன், சூரன் போல 'அன்' விகுதி பெற்ற ஆண்பாற்பெயராகவே அது தமிழில் அமர்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் அந்த இறுதி ஒலி சொல்லின் உறுப்பு. தமிழ்க் காதோ அதை விகுதியாகக் கேட்டது. கேட்டதோடு நில்லாமல், அந்த 'அன்'னை நீக்கி 'இ' சேர்த்து 'வில்லி' என்று பெண்பாலை ஆக்கிக்கொண்டது. 'தனம்' சேர்த்து 'வில்லத்தனம்' என்று பண்புப் பெயரையும் ஆக்கிக்கொண்டது. எந்தப் புலவர் குழுவும் கூடி முடிவு செய்ததாகத் தெரியவில்லை. திரையரங்கில் தரை டிக்கெட்டில் அமர்ந்திருந்தவர்கள் போகிற போக்கில் செய்து முடித்த இலக்கணக் காரியம் அது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தமிழில் 'வில்லி' என்றால் வில்லை உடையவன். வில்லி என்ற வேடனின் பெயரால் அமைந்த ஊர் என்றே திருவில்லிபுத்தூரின் தலபுராணம் சொல்லும். அவ்வூர்ப் பெயரைத் தாங்கிய புலவர் பாடிய பாரதத்துக்கு 'வில்லிபாரதம்' என்று பெயர். தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் அந்நூற்பெயரைச் சொன்னால், அது ஒரு மாமியாரின் கதை என்றே நினைத்துக்கொள்ளும். சேரனுக்கு வில்லவன் என்று பெயர். செங்குட்டுவன் அவையில் வில்லவன் கோதை என்றே ஒருவன் இருந்தான். நாஞ்சில் நாட்டுக் கோவில் கொடைகளில் இன்றும் வில்லை அடித்துக் கதை பாடுகிறார்கள். அந்த வில்லுக்கும் இந்த வில்லனுக்கும் உறவில்லை. எனினும் அந்த வில் பாடுகிற கதையைப் பற்றிப் பின்னர் பேச வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் இச்சொல்லின் வரலாறு அத்தனை வேடிக்கையானதன்று. இலத்தீனில் 'வில்லா' என்பது நாட்டுப்புறத்துப் பண்ணை. பண்ணையைச் சார்ந்து உழைத்தவன் 'வில்லானுஸ்'. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அச்சொல் நிலத்தோடு கட்டுண்ட குடியானவனைக் குறித்தது. குடியானவன் நயமற்றவன் என்றாயிற்று. நயமற்றவன் இழிந்தவன் என்றாயிற்று. இழிந்தவன் கொடியவன் என்றாயிற்று. பின்னாளில் எழுத்துக்கூட்டலை இரண்டாக்கி, பழைய பண்ணையாளுக்கு ஒன்று, கொடியவனுக்கு ஒன்று என்று பிரித்து வைத்துக்கொண்டார்கள். இவ்வாறு வீழ்ந்த சொல் இது மட்டுமன்று. 'நேவ்' முதலில் சிறுவன், பிறகு ஏவலாள், பிறகு அயோக்கியன். 'சர்ல்' முதலில் கீழ்நிலைக் குடிமகன், பிறகு முரடன். 'பூர்' என்பதன் வேர் டச்சு மொழியில் உழவன். 'சாவேஜ்' என்பதன் வேர் இலத்தீனில் காட்டைச் சேர்ந்தவன். தீயவனுக்கு வைத்த பெயர்களைத் தோண்டினால் அடியில் கிடைப்பது பெரும்பாலும் வயலும் காடும் ஏவலும் ஏழ்மையுமாகவே இருக்கின்றன.

இனி வினைக்கு வருவோம். 'வில்லன்' என்பதன் வினைவடிவம் 'விலிஃபை' என்று நம் வகுப்பறைகளில் சொல்லித் தருவதுண்டு. ஒலி ஒத்திருக்கிறது, உறவு இல்லை. 'விலிஃபை' இலத்தீனில் 'விலிஸ்', அதாவது மலிவானது, என்னும் வேறொரு சொல்லிலிருந்து வந்தது. ஒருவரை மலிவாக்குதல் என்பதே அதன் பொருள். ஆங்கிலத்தில் வில்லன் செய்கிற செயலுக்கென்று தனி வினை கிடையாது. ஒருவரை வில்லனாக்குகிற செயலுக்கோ வினைகள் பல உண்டு. மலிவாக்கு, பேயாக்கு, கறுப்பாக்கு என்று எல்லாமே செயப்படுபொருள் குன்றாத வினைகள். ஒருவர் செய்தாக வேண்டும், மற்றொருவர் படவேண்டும். 'அவன் வில்லன்' என்று பெயராகச் சொல்லும்போது ஆக்கியவர் மறைந்துகொள்ளலாம். வினையாகச் சொன்னால் அவர் வெளியே வந்தாக வேண்டும்.

தமிழிலும் நாம் சளைத்தவர்களல்லர். பட்டிக்காட்டான், காட்டுமிராண்டி என்று வயலையும் காட்டையும் வசையாக்கி வைத்திருக்கிறோம். 'பொறுக்கி'யை எண்ணிப் பாருங்கள். பொறுக்குதல் குற்றமற்ற வினை. அறுத்த வயலில் சிந்திக் கிடக்கும் கதிரைப் பொறுக்குவது நிலமில்லாதவர் செய்யும் வேலை. அந்த வினையிலிருந்து பிறந்த பெயரைத்தான் நாயகி வில்லனின் முகத்துக்கு நேரே வீசுகிறாள். 'தூற்றுதல்' களத்திலிருந்து வந்த வினை. நெல்லைக் காற்றில் விட்டுப் பதரைப் பிரிப்பதும் தூற்றுதல். ஒருவரைப் பற்றி ஊரெங்கும் பழி பரப்புவதும் தூற்றுதல். அறுவடை இயந்திரங்கள் வந்தபின் நாஞ்சில் நாட்டுக் களங்களில் முதலாவது அருகிவிட்டது. நாஞ்சில் என்றால் கலப்பை. கலப்பையின் பெயரைத் தாங்கிய நாட்டில், உழவனைக் கொடியவனாக்கிய ஒரு சொல்லை எந்த உறுத்தலும் இன்றிப் புழங்குகிறோம்.

* * *

எதிர்த்திசையில் நடந்த சொல் ஒன்றும் உண்டு. அது அந்த நாஞ்சில் நாட்டுக்கு நீர் தரும் அணையின் பெயரிலேயே இருக்கிறது. திருவிதாங்கூரில் மூலம் திருநாள் ஆண்ட காலத்தில், 1897இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்தது பேச்சிப்பாறை அணை. கோதையாற்றின் நீரை அது தடுத்து நிறுத்துகிறது. கட்டிய பொறியாளர் மிஞ்சினுக்கு ஊரார் வைத்த பெயர் மூக்கன் துரை. 48 அடியில் இன்று எத்தனை அடி நிற்கிறது என்று மழைக்காலத்தில் நாள்தோறும் நாளிதழில் பார்ப்பவர்கள், அணையின் பெயரில் இருக்கும் பேச்சி யார் என்று கேட்பதில்லை.

பேச்சி, பேய்ச்சி. 'பேய்' என்பதன் பெண்பால். காய்ச்சல் பேச்சுவழக்கில் காச்சல் ஆவது போல, பாய்ச்சல் பாச்சல் ஆவது போல, பேய்ச்சி பேச்சியாவாள். பேய் என்பது கூச்சமாக இருப்பதால் 'பேச்சு' என்பதிலிருந்து வருவித்து அவளை நாமகளாக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அத்தனை சிரமம் வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆழ்வார்களின் பாசுரங்களில் பேய்ச்சி என்றால் பூதனை. குழந்தைக் கண்ணனுக்கு முலையில் நஞ்சு தடவி ஊட்ட வந்தவள். இன்றைய வழக்கில் சொன்னால் ஐயத்துக்கு இடமில்லாத வில்லி. அதே பெயர் கொண்ட பேச்சியம்மனிடம்தான் தென்மாவட்டங்களில் பிள்ளை வரம் கேட்கிறார்கள். பிறந்த பிள்ளைக்குப் பேச்சியம்மாள், பேச்சிமுத்து, பேச்சியப்பன் என்று பெயரிடுகிறார்கள். காரைக்காலம்மையார் பாட்டின் முடிவில் தம்மைப் பேய் என்றே குறித்துக்கொண்டார். ஆங்கிலம் உழவனைக் கீழே தள்ளி வில்லனாக்கிற்று. தமிழ் பேய்ச்சியை மேலே தூக்கித் தாயாக்கிற்று.

இது எப்படி நிகழ்ந்தது? வில்லுப்பாட்டில் நீலியின் கதையைக் கேட்டவர்களுக்கு விடை தெரிந்திருக்கும். கள்ளியங்காட்டு நீலி முற்பிறப்பில், நம்பி வந்தவனால் நகைக்காகக் கொல்லப்பட்டவள். மறுபிறப்பில் பேயாகி அவனைத் தேடி வருகிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவனே என் கணவன் என்று ஊரார் முன் அழுகிறாள், ஊரார் நம்புகிறார்கள், அவனைக் கொல்கிறாள். பாடுகிற புலவர் இவள் நல்லவளா, கொடியவளா என்று பெயர் சூட்டிக் கதையை முடித்துவைப்பதில்லை. கொன்றான், பிறந்தாள், வந்தாள், அழுதாள், கொன்றாள் என்று வினைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகிறார். முதல் வினை கேட்பவர் நினைவில் இருக்கும் வரை கடைசி வினை வெறும் கொடுமையாகத் தோன்றாது. நீலி அதனால்தான் இசக்கியாகப் பீடமேறினாள். இசக்கி என்ற பெயரும் யட்சி, இயக்கி என்று வந்ததுதான். அதே மாவட்டத்தின் சிதறால் மலையில் சமணரின் இயக்கி, பகவதியாக இன்றும் பூசை பெறுகிறாள்.

நீலிக்கு நேர்ந்த மறுபாதியையும் பாருங்கள். 'நீலிக்கண்ணீர்' என்று ஒரு தொடர் நம் மொழியில் இருக்கிறது. நடித்து அழுவதற்கு அது பெயர். கதையின் வினைகளெல்லாம் உதிர்ந்து, பெயர் மட்டும் மிஞ்சினால் இப்படித்தான் ஆகும். முதலில் கொல்லப்பட்டவள் அவள் என்பது அந்தத் தொடரில் எங்கும் இல்லை.

* * *

நான் சொல்ல வந்தது இதைத்தான்: தமிழில் ஒருவனை வில்லனாக்க 'வில்லன்' என்னும் பெயர் தேவையே இல்லை. வினைமுற்றின் இறுதியில் இருக்கும் ஓர் எழுத்து போதும். 'வந்தார்' என்பதில் உள்ள 'ஆர்' போய் 'ஆன்' வந்தால் தீர்ப்பு எழுதியாயிற்று. (தமிழ்த் திரையின் வில்லன்களில் தலையாயவரின் பெயரே 'நம்பியார்' என்று 'ஆர்' விகுதியோடு முடிந்ததும், திரைக்கு வெளியே அவர் ஐயப்ப பக்தராக வாழ்ந்ததும் மொழி நமக்குக் காட்டிய குறும்புகள் என்று வைத்துக்கொள்ளலாம்.)

பழைய செய்யுளில் இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை. கம்பனில் இராமனுக்கும் 'ஆன்', இராவணனுக்கும் 'ஆன்'. விகுதியைப் பார்த்து எவன் நாயகன் என்று கண்டுபிடிக்க முடியாது. செயலைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவரைப் பன்மையில் கூறுவது வழக்கில் உள்ள உயர்சொல், இலக்கண நெறியில் அமைவதன்று என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஒதுக்கி வைத்தார். அவர் ஒதுக்கி வைத்தது இன்றைய உரைநடையின் பொதுநெறி ஆகிவிட்டது. பெரியவர்கள், படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள் என்று ஒவ்வொருவராக 'ஆர்' விகுதிக்கு ஏறிச் சென்றார்கள். 'ஆன்' விகுதியில் எஞ்சியவர்கள் கடவுளர், குழந்தைகள், நெருங்கிய நண்பர்கள், வேலையாட்கள், திருடர்கள். முருகனுக்கும் முகமூடிக் கொள்ளையனுக்கும் ஒரே விகுதி என்பதில் எனக்கு மறுப்பில்லை. நடுவில் அந்த வேலையாள் ஏன் இருக்கிறார் என்பதே கேள்வி. ஆங்கிலம் வில்லானுஸுக்குச் செய்ததை நாம் ஒரு விகுதியைக் கொண்டு செய்துவருகிறோம்.

ஆங்கில நாவலைத் தமிழாக்குபவர்கள் முதல் பக்கத்திலேயே இந்தச் சுவரில் முட்டிக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் எல்லோரும் 'ஹீ'. அது நீதிபதிக்கும் பொது, கொலையாளிக்கும் பொது. மொழிபெயர்ப்பாளரோ அறைக்குள் நுழையும் அந்நியர் 'வந்தாரா', 'வந்தானா' என்று அப்போதே முடிவு செய்தாக வேண்டும். துப்பறியும் கதையில் ஆசிரியர் இருநூறு பக்கம் பொத்திவைத்த மர்மத்தை ஒரு 'ஆன்' போட்டு உடைத்துவிடலாம். மாறாக, கடைசி அத்தியாயம் வரை 'அவர்' ஆக இருந்த மருத்துவர் கைவிலங்கு ஏறிய அடுத்த வரியில் 'அவன்' ஆகிவிடும் மொழிபெயர்ப்புகளையும் நாம் படித்திருக்கிறோம். இடையில் அந்த மனிதர் மாறவில்லை. நமக்குத் தெரிந்தது மாறிற்று. அதற்கு வினைமுற்று ஏன் தண்டனை தர வேண்டும்?

இதன் உச்சம் ஸ்டீவன்சன் 1886இல் வெளியிட்ட ஜெக்கில், ஹைடு கதை. ஜெக்கில் மதிப்புமிக்க மருத்துவர். ஹைடு குழந்தையை மிதித்துச் செல்லும் கயவன். இருவரும் ஒருவரே என்பது கதையின் இறுதியில்தான் வெளிப்படும். தமிழில் ஜெக்கிலை 'அவர்' என்றும் ஹைடை 'அவன்' என்றும் எழுதவே கை போகும். போனால் கதையின் கருத்துக்கு நேர் எதிராகப் போய்விடுகிறோம். நல்லவனும் கெட்டவனும் தனித்தனி ஆட்கள் என்று நம் விகுதி சொல்கிறது; அப்படியில்லை என்று சொல்லத்தான் ஸ்டீவன்சன் கதையே எழுதினார். கதையின் கடைசிப் பகுதி ஜெக்கிலின் வாக்குமூலம். அதில் தன்மை வினை வந்துவிடுகிறது: செய்தேன், கொன்றேன். 'ஏன்' விகுதியில் உயர்வு தாழ்வு இல்லை. அந்த வாக்குமூலத்தின் போக்கில் ஓரிடத்தில், ஹைடை 'நான்' என்று சொல்ல ஜெக்கிலால் முடியாமல் போகிறது, படர்க்கைக்கு மாறுகிறார். தமிழில் 'அவன்' என்ற சொல் அந்த ஓர் இடத்துக்காகக் காத்திருக்க வேண்டும். முதல் அத்தியாயத்திலேயே செலவழித்துவிட்டால் அங்கே வைக்க ஒன்றும் மிஞ்சாது. இருவருக்கும் தொடக்கம் முதல் ஒரே விகுதி என்பதே என் கட்சி. எந்த விகுதி என்பதை மொழிபெயர்ப்பாளர் தேர்ந்துகொள்ளட்டும்.

* * *

கதைகளில் இதனால் கெடுவது ஒரு மர்மம்தான். செய்திகளில் கெடுவது அதைவிடப் பெரியது.

வீரப்பன் உயிரோடிருந்த காலத்துச் செய்திகளை நினைவுகூருங்கள். 2000ஆம் ஆண்டு கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்திச் சென்று 108 நாட்கள் காட்டில் வைத்திருந்த செய்தி நாள்தோறும் வந்தது. பெரும்பாலான இதழ்களில் ராஜ்குமார் 'சொன்னார்', வீரப்பன் 'சொன்னான்'. பெயருக்கு முன்னால் 'சந்தனக் கடத்தல்' என்று ஒரு தொழிற்பெயர், தலைப்பெழுத்தைப் போல ஒட்டியிருந்தது. 2004 அக்டோபரில் கொல்லப்படும் வரை அது உதிரவில்லை. கொலைகள் பல செய்தவருக்காக நான் வழக்காடவில்லை. (இந்த 'செய்தவருக்காக' என்பதை எழுதும்போது எனக்கும் கை தயங்கியது, அந்தத் தயக்கமே என் பொருள்.) நான் கவலைப்படுவது அந்தத் தலைப்பெழுத்து யார்மீதெல்லாம் ஒட்டப்பட்டது என்பதைப் பற்றி.

1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி என்னும் மலைவாழ் மக்களின் சிற்றூருக்குள் வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் புகுந்தனர். சந்தனக் கட்டை கடத்துவோரின் ஊர் என்பது அவர்கள் சொன்ன காரணம். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர், வீடுகள் சூறையாடப்பட்டன. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். அத்தீர்ப்பைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று உறுதிசெய்தது. ஊரார் தங்கள்மேல் ஒட்டிய 'கடத்தல்காரர்' என்னும் பெயரோடு எத்தனை ஆண்டுகள் நடமாட வேண்டியிருந்தது என்று எண்ணிப் பாருங்கள். தண்டனை பெற்றவர்களோ செய்திகளில் கடைசிவரை 'அதிகாரிகள்' ஆகவே இருந்தார்கள். அவர்களில் ஒருவரையேனும் 'ஆன்' விகுதியில் எழுதிய இதழை நான் பார்த்ததில்லை. இலத்தீனில் வில்லாவைச் சேர்ந்தவன் வில்லன் ஆன கதை இங்கே சொல்லாராய்ச்சியாக இருக்கவில்லை.

இன்றைய நாளிதழ்கள் கைதானவரை 'அவர்' என்று எழுதத் தொடங்கியிருப்பது உண்மை, வரவேற்கிறேன். ஆனால் விகுதியில் கொடுத்ததைப் பெயரில் பிடுங்கிக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் 'அக்யூஸ்டு' என்பது செயப்பாட்டு வடிவம். யாரோ குற்றம் சாட்டியிருக்கிறார்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. தமிழில் அதற்குக் 'குற்றஞ்சாட்டப்பட்டவர்' என்று நேரான சொல் இருக்கிறது. நீளம் கருதி 'சாட்டப்பட்ட' என்பதை வெட்டிவிட்டு, 'குற்றவாளி கைது', 'குற்றவாளிகளுக்கு வலைவீச்சு' என்று தலைப்பிடுகிறார்கள். வெட்டிய அந்த வினையெச்சமும் பெயரெச்சமும்தான் நீதிமன்றம் செய்ய வேண்டிய வேலை முழுவதும். வழக்கு மன்றத் தமிழும் தன் பங்குக்கு அவரை 'எதிரி' என்கிறது. முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று எண்ணும் போடுகிறது. யாருக்கு எதிரி என்று கேட்கத் தோன்றும்.

பெயர் ஒரு கூட்டத்தின் மேலேயே விழுந்ததும் உண்டு. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தபோது, பிறந்த குழந்தையே குற்றப் பெயரோடு பிறந்தது. செய்த வினை எதுவும் வேண்டியதில்லை. அந்தப் பெயரைத் துடைக்கப் பின்னாளில் 'சீர்மரபினர்' என்று ஒரு சொல்லை ஆக்க வேண்டியிருந்தது. நல்ல சொல். ஆனால் பேய்ச்சி பேச்சியானதைப் போல அது மக்கள் நாவில் தேய்ந்து ஆனதன்று, அரசாணையில் பிறந்தது. எனவே வேலையும் அரசாணையின் அளவுக்கே செய்கிறது.

பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள மலைகளில் வாழ்பவர்கள் காணிக்காரர்கள். காணி என்றால் நிலவுரிமை. ஐரோப்பாவின் பண்ணையாளுக்கு அவனைக் கட்டிப்போட்ட நிலம் பெயரைத் தந்தது; இவர்களுக்கு இவர்களது உரிமையே பெயராயிற்று. குண்டர் சட்டம் என்று வழக்கில் உள்ள 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டத்தின் பட்டியலில் கள்ளச்சாராயம் விற்போர், குண்டர்கள் ஆகியோரோடு 'வனக் குற்றவாளி'யும் இடம்பெற்றிருக்கிறார். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ, காட்டில் வாழ்வோருக்கு வரலாற்றில் அநீதி இழைக்கப்பட்டது என்று முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. இரண்டு சட்டங்களும் நடப்பில் இருக்கின்றன. காட்டில் விறகோடு நிற்கும் ஒருவரைப் பற்றி நாளை ஒரு செய்தியாளர் எழுத நேரலாம். அப்போது 'எடுத்துவந்தார்' என்பது ஒரு வினை, 'கடத்தினான்' என்பது வேறொரு வினை. வில்லுப்பாட்டுப் புலவரைப் போல, கண்ட வினையை மட்டும் எழுதி, பெயரை நீதிமன்றத்துக்கு விட்டுவைக்குமாறு அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.